கொடைக்கானல் கணப்புக்கு மதுரையில் செய்த மடக்குத் தட்டி

கொடைக்கானலில் அக்கா குடியிருப்பது பழைய கல் வீடு. ஹால் சுவரில் ஒரு கணப்பு இருக்கிறது. பயர்பிளேஸ் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் சில ராத்திரிகள் விறகு போட்டுக் குளிர்காய்வதோடு சரி, மிச்ச நாளெல்லாம் அது சுவரில் கருப்பாகத் திறந்து கிடக்கும். மழை பிடித்துவிட்டால் புகைபோக்கி வழியாக ஈரக்காற்று இறங்கும்; நனைந்த கரியும் சாம்பலும் கலந்த வாடை ஹால் முழுக்கப் பரவும். போன தடவை போயிருந்தபோது அக்கா பழைய போர்வை ஒன்றை இரண்டு ஆணியில் மாட்டி மறைத்து வைத்திருந்தாள். அந்த வீட்டுக்கும் அந்தக் கல் சுவருக்கும் அந்தப் போர்வை பொருந்தவே இல்லை.

"நீதான் எந்நேரமும் பெயின்ட்டும் பிரஷ்ஷுமா இருக்கியே, இதுக்கு ஒண்ணு செஞ்சு குடேன்டி" என்றாள்.

மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் இந்த வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மலையேறி, 1845-ல் இரண்டு பங்களா கட்டியதில் தொடங்கிய ஊர் கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,000 அடி உயரம். அவர்கள் ஊர் வழக்கப்படி கணப்பும் புகைபோக்கியும் கூடவே வந்துவிட்டன. அதற்கு முன்னால் வைக்கிற தட்டி மட்டும் இந்த வீட்டில் எப்போதோ காணாமல் போயிருக்கிறது. மதுரையிலிருந்தே அதையும் செய்து அனுப்பலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கணப்புக்கு முன்னால் வைக்கும் தட்டியில் இரண்டு வகை உண்டு. நெருப்பு எரியும்போது பொறி தெறிக்காமல் தடுப்பது ஒன்று. அது இரும்பு அல்லது பித்தளைச் சட்டத்தில் கம்பி வலை அடித்தது. இன்னொன்று, நெருப்பு இல்லாத மாதங்களில் அந்த வாயை மூடி அழகாகக் காட்டுவது. குளிர்நாடுகளில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கோடை வந்ததும் பலகையில் பூச்சாடி, நிலக்காட்சி எல்லாம் வரைந்து கணப்பை மூடி வைப்பார்கள். நான் செய்தது இந்த இரண்டாவது வகை. மரமும் பெயின்ட்டும் எரியக்கூடியவை. இதை எரிகிற நெருப்புக்கு முன்னால் வைக்கவே கூடாது. இதைப் படித்துவிட்டுச் செய்யப் போகிறவர்கள் மறக்காமலிருக்க வேண்டும் என்பதற்காக முதலிலேயே எழுதுகிறேன்.

அளவும் பலகையும்

கணப்பின் வாய் 34 இஞ்ச் அகலம், 28 இஞ்ச் உயரம். தட்டி மூன்று மடிப்பு. நடுப்பலகை 24 இஞ்ச், இரண்டு பக்கமும் 12 இஞ்ச் இறக்கை, உயரம் மூன்றுக்கும் 32 இஞ்ச். இறக்கைகளை 45 டிகிரிக் கோணத்தில் பின்னால் மடக்கி நிறுத்தினால் ஒவ்வொன்றும் எட்டரை இஞ்ச் அகலத்தை மறைக்கும். மொத்தம் 41 இஞ்ச். வாயை மறைத்தது போக இரண்டு பக்கமும் மூன்றரை இஞ்ச் மிஞ்சுகிறது. நேராக நிற்கக் கால் எதுவும் வேண்டாம், மடிப்பே தாங்கிவிடும்.

இந்த அளவில் ஒரு வசதி உண்டு. 24, 12, 12 மூன்றையும் கூட்டினால் 48, அதாவது பிளைவுட் ஷீட்டின் முழு அகலமான நாலடி. 32 இஞ்ச் நீளத்துக்கு ஒரே துண்டாக அறுத்து வாங்கி மூன்றாகப் பிளந்தால் வீணே இல்லை. ரம்பப் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச் அளவுக்குத் தின்னும், அதை இறக்கைகளில் கழித்துக்கொள்ளலாம்.

எம்.டி.எஃப். பலகை இன்னும் வழவழப்பாக இருக்கும், பெயின்ட்டுக்குச் சுகம். ஆனால் கொடைக்கானல் ஈரத்தில் அது ஓரத்தில் தண்ணீர் குடித்து உப்பிவிடும். அதனால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 12 மி.மீ. வாங்கினேன். மூன்றும் சேர்ந்து எட்டு கிலோ வரும். அக்கா ஒரு கையால் தள்ளி வைத்துவிடலாம்.

பலகையைத் தயார் செய்வதை விரிவாக எழுதத் தேவையில்லை. வெட்டிய ஓரங்களில் அடுக்கடுக்காகத் தெரிகிற இடைவெளிக்குப் பட்டி பார்த்து, 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்து, வுட் பிரைமர் இரண்டு கோட் அடித்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: பின்பக்கத்துக்கும் அதே அளவு பிரைமரும் பெயின்ட்டும் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் அடைத்தால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கிப் பலகை வளைந்துவிடும்.

எதைப் போலச் செய்வது

எனக்குச் சின்ன வயதிலிருந்தே திருமலை நாயக்கர் மகால் தூண்கள் மேல் பெரிய ஈர்ப்பு. 1636-ல் கட்டியது. தள்ளி நின்று பார்த்தால் ஒவ்வொரு தூணும் ஒரே கல்லில் இழைத்தது போலத் தெரியும். உள்ளே இருப்பது செங்கல். அதன் மேல் சுண்ணாம்புக் காரை. அந்தக் காரையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகு ஏற்றியிருக்கிறார்கள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனபோது டீச்சர் இதைச் சொன்னதும் நான் தூணைத் தொட்டுப் பார்த்தது இன்னும் விரலில் இருக்கிறது. காரையைக் கல்லாக்கிய கை நம்ம ஊர்க் கை. பிளைவுட்டைப் பளிங்காகவும் தேக்காகவும் மாற்றுவது எனக்கு அந்நியமான வேலையாகத் தோன்றவே இல்லை.

திட்டம் இப்படி: ஒவ்வொரு பலகையிலும் சுற்றிலும் இரண்டரை இஞ்ச் தேக்குச் சட்டம், அதற்குள் அரை இஞ்ச் பீடிங், அதாவது ஓரத்தை மறைக்கிற ஒல்லியான கீற்று, அது களிம்பு பிடித்த செம்பு, நடுவில் வெள்ளைச் சலவைக்கல். மூன்று பூச்சுக்கு மேல் போனால் கண்ணுக்கு எங்கே நிற்பது என்று தெரியாது. அதனால் இதோடு நிறுத்தினேன்.

வேலை வரிசையும் முக்கியம். முதலில் சலவைக்கல், பிறகு தேக்கு. பீடிங்கைத் தனியாகச் சாயம் ஏற்றிக் கடைசியில் ஒட்டுவது. கல்லும் மரமும் சந்திக்கும் கோடு எப்படி அலைந்திருந்தாலும் பீடிங் அதை மூடிவிடும்.

சலவைக்கல், முதல் தடவை

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருக்கும். கத்திரி வெயில். வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கோட் போட்டு 400-ஆம் நம்பரில் தேய்த்த நடுப்பலகையைப் பின்கட்டில் படுக்கப் போட்டு, காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். சாயத்தை நீர்க்க வைக்கிற அக்ரிலிக் மீடியத்தில் சாம்பல் நிறம் கலந்து ஸ்பாஞ்சில் ஒற்றினேன். மென்மையாக்குவதற்குள் காய்ந்துவிட்டது. ஒற்றிய ஒவ்வொரு இடமும் தனித்தனித் திட்டாக நின்றது. அதன் மேல் மெல்லிய பிரஷ்ஷால் நரம்பு இழுத்தேன். எல்லா நரம்பும் ஒரே தடிமன், ஒரே இடைவெளி, ஒன்றை ஒன்று பெருக்கல் குறி போல வெட்டிக்கொண்டு போயின. எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். கல்லாகத் தெரியவில்லை. விரிசல் விட்ட பீங்கான் தட்டு போல இருந்தது.

அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. இரண்டு நாள் தேய்த்த பலகை. எங்கே தப்பு என்று யோசித்தபோது பதில் சுலபமாகவே கிடைத்தது: நான் சலவைக்கல்லை உற்றுப் பார்த்ததே இல்லை. கோயில் படியிலும் பெரியம்மா வீட்டுப் பூஜை அறையிலும் அதை மிதித்திருக்கிறேன், துடைத்திருக்கிறேன். பார்த்ததில்லை.

மறுநாள் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு கல் கடைக்குப் போனேன். அந்தப் பக்கம் முழுக்கக் கிரானைட்தான் பிரபலம் என்றாலும் சலவைக்கல்லும் வைத்திருக்கிறார்கள். வாஷ்பேசினுக்காக வெட்டி எடுத்த வட்டத் துண்டு ஒன்று மூலையில் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்து, சன்னல் வெளிச்சத்தில் மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன்.

நரம்பு என்பது கோடு இல்லை. அதன் ஒரு கரை கூர்மையாக இருக்கிறது, மறு கரை வெள்ளைக்குள் கரைந்து போகிறது. ஓரிடத்தில் கட்டை விரல் அகலத்துக்கு விரிந்து, நடுவில் வெள்ளைத் தீவுகளை விட்டுவிட்டு, மறுபடி முடி அளவுக்கு ஒடுங்குகிறது. திடீரென்று நின்றுவிடுகிறது. நாலு விரல்கடை தள்ளி அதே திசையில் மறுபடி ஆரம்பிக்கிறது. கிளை பிரிகிறது, ஆனால் ஆற்றின் கிளை மாதிரி ஒரு சாய்வோடு பிரிகிறது. எல்லாப் பெரிய நரம்பும் ஏறத்தாழ ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல் பூமிக்குள் அழுத்தத்திலும் சூட்டிலும் உருமாறித்தான் சலவைக்கல் ஆகிறது. அதோடு கலந்திருந்த களிமண்ணும் இரும்பும் மற்ற கனிமங்களும்தான் நசுங்கி இழுபட்டு நரம்பாகின்றன. அழுத்தம் ஒரு பக்கமிருந்து வந்தால் நரம்புக்கும் திசை வரும். இது புரிந்த பிறகு பிரஷ் எங்கே திரும்ப வேண்டும் என்று கைக்குத் தானாகவே தெரிய ஆரம்பித்தது.

இன்னொன்றும் கவனித்தேன். சில நரம்புகள் மேலாக இருக்கின்றன, சில உள்ளே ஆழத்தில் மங்கலாக. சலவைக்கல்லுக்குள் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வருவதால்தான் அந்த ஆழம். ஒரே கோட்டில் வரைந்தால் அது வரவே வராது.

சலவைக்கல், இரண்டாவது தடவை

பலகையைத் தேய்த்து மறுபடி வெள்ளை அடித்தேன். இந்த முறை விடிகாலை நாலரை மணிக்கு, ஃபேனை அணைத்துவிட்டு. மீடியத்தில் சில சொட்டு கிளிசரின் கலந்தேன், காய்வது தாமதமாகும். அதிகமாகச் சேர்த்தால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஒரு கரண்டிக்கு நாலைந்து சொட்டு போதும். பலகை மேல் தண்ணீரைப் பனி போலத் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டேன்.

சாம்பலை வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்து செய்யவில்லை. அது உயிரில்லாத நிறமாக வரும். ஒன்றில் துளி மஞ்சள் ஆக்சைடு, இன்னொன்றில் துளி நீலம். இரண்டு சாம்பலையும் சாய்வாக, மேகம் மாதிரி ஒற்றி, ஷேவிங் பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் எதிரெதிர்த் திசையில் தடவினேன். மேகம் பரவி நின்றது.

நரம்புக்குச் சேவல் இறகு. இறகின் விளிம்பைச் சாயத்தில் தொட்டு, பென்சில் மாதிரிப் பிடிக்காமல் நுனியில் தளர்வாகப் பிடித்து, இழுக்கும்போதே விரலில் உருட்ட வேண்டும். இறகு தானாகவே எங்கோ அழுத்தும், எங்கோ தூக்கும். பிரஷ்ஷில் எவ்வளவு முயன்றாலும் அந்த நடுக்கம் வராது. இழுத்த உடனே ஒரு பக்கக் கரையை மட்டும் ஷேவிங் பிரஷ்ஷால் கலைத்தேன்.

நன்றாகக் காய்ந்த பிறகு முழுப் பலகைக்கும் மீடியத்தில் துளி வெள்ளை கலந்த மெல்லிய திரை ஒன்று. முதல் நரம்புகள் எல்லாம் கல்லுக்குள் இறங்கியது போல மங்கின. அதற்கு மேல் புதிதாக நாலே நாலு நரம்பு, கூர்மையாக. அவ்வளவுதான். நிறைய இழுக்கத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இறக்கைகளிலும் அதே சாய்வைத் தொடர்ந்தேன். மூன்று பலகையும் ஒரே பாறையில் அறுத்தது என்று கண் நம்ப வேண்டும்.

தேக்குச் சட்டம்

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெயின்டர் ஐயா இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. முன்பெல்லாம் இரும்புக் கதவு, பீரோ, சன்னல் எல்லாவற்றுக்கும் மரக்கோடு போட இவரைத்தான் கூப்பிடுவார்கள். போய்க் கேட்டேன். தட்டியைப் பார்க்க அவரே வீட்டுக்கு வந்தார். சலவைக்கல்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கிட்டே குனிந்து விரலால் ஒரு நரம்பைத் தொடர்ந்து கொண்டே போனார். எனக்கு அதுவே போதும்.

"மரத்துக்குத் தண்ணிக் கலர் வேணாம் தாயி. எண்ணெய்ல போடு. நின்னு நிதானமா வேலை பாக்கலாம்" என்றார்.

அவர் சொன்ன கலவை: ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய், அதாவது கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைப்பது, இரண்டு பங்கு டர்பன்டைன், அதில் ஆயில் கலர். ஆளிவிதை எண்ணெய் வெளிச்சம் படாத இடத்தில் நாளாக நாளாக மஞ்சளாகும். வெள்ளைச் சலவைக்கல்லில் அது கெடுதல். தேக்கிலோ ஒரு குறையும் இல்லை, நிறம் இன்னும் கனியும். கல்லைத் தண்ணீர்ச் சாயத்திலும் மரத்தை எண்ணெயிலும் செய்ததற்கு இதுதான் காரணம். தண்ணீர்ச் சாயத்துக்கு மேல் எண்ணெய் பிடிக்கும். எண்ணெய்க்கு மேல் தண்ணீர்ச் சாயம் சரியாகப் பிடிக்காது, பின்னால் உரிந்து வரும். அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடிப்பூச்சு சந்தனத்தைவிடக் கொஞ்சம் ஆழமான மஞ்சள். மரத்தின் கருமையான கோடு அடியிலிருந்து வருவதில்லை, மேல் கலவையிலிருந்துதான் வருகிறது. அடியில் இருப்பது மரத்தின் மிக வெளிர் நிறம். அதைக் காய விட்டு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்புச் சாயம் கலந்த எண்ணெயை மெல்லிசாகத் தடவி, பிறகு அதை வழித்தெடுப்பதுதான் மரக்கோடு.

ஐயாவின் கருவி, மரக்கட்டையில் சுற்றிய பழைய சைக்கிள் டியூப். டியூபில் பிளேடால் சீரில்லாத பற்களாக வெட்டியிருந்தார். அதை ஈரக் கலவையில் வைத்து இழுத்துக்கொண்டே மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாகக் கோபுரம் கோபுரமாக வளையங்கள் எழும்பின. மரத்தை நெட்டுவாக்கில் பட்டையாக அறுக்கும்போது ஆண்டு வளையங்கள் சாய்வாக வெட்டுப்பட்டு அப்படித்தான் தெரியும். கோபுரம் முடிந்த இடத்தில் அட்டையில் வெட்டிய சீப்பால் நேர்க்கோடு. கடைசியில் காய்ந்த பிரஷ்ஷின் நுனியால் நீளவாக்கில் தட்டித் தட்டி விட்டார். தேக்கில் தெரியும் சின்னச் சின்ன நுண்துளைக் கோடுகள் வந்துவிட்டன.

நான் முதல் சட்டத்தில் நாலு பக்கமும் ஒரே மூச்சாகச் சுற்றிக் கோடு இழுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"ஆசாரி சட்டத்த எப்படிச் சேப்பாரு? நெட்டுக்கட்டை தனி, குறுக்குக்கட்டை தனி. மரம் எங்கிட்டு முடியுதோ அங்கிட்டுக் கோடும் முடியணும் தாயி."

இந்த ஒரு சொல்லுக்காகவே அவரைக் கூப்பிட்டது பலித்தது. மேல், கீழ்க் குறுக்குக் கட்டைகளை முதலில் முடித்தோம். மூட்டுக் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் காய விட்டு, அதற்குப் பிறகு நெட்டுக் கட்டைகள். டேப்பை எடுத்ததும் மூட்டில் முடி அளவு கருங்கோடு நின்றது. இரண்டு கட்டையைச் சேர்த்த சந்து அது. இப்போது பார்க்கிறவர்கள் முதலில் நம்புவது அந்தச் சந்தைத்தான்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணிகளை அன்று சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு மொட்டை மாடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து வாளியைத் தூக்கினால் அடி கதகதவென்று இருந்தது, துணிக்குள் கையை விட்டால் சூடு, கருகுகிற மாதிரி ஒரு வாடை. உடனே தண்ணீரை ஊற்றினேன். வெயில் சூடு மட்டும் இல்லை அது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வெளியாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகவே தீப்பிடிக்கும். துணியை ஒற்றையாக விரித்துக் கொடியில் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். மதுரை வெயிலில் இதில் அசட்டை கூடவே கூடாது.

களிம்பு

பீடிங்குக்கு மாதிரி பரணிலேயே இருந்தது, பாட்டியின் செம்பு அண்டா. பத்து வருஷமாகப் புளி படாதது. இறக்கி வைத்துப் பார்த்தேன். பச்சைக் களிம்பு எல்லா இடத்திலும் சமமாக இல்லை. விளிம்பு மடிப்புக்கு அடியில், கைப்பிடி ஆணியைச் சுற்றி, தண்ணீர் தங்குகிற பள்ளத்தில் திரண்டிருந்தது. கை படுகிற மேட்டில் பழுப்புச் செம்பு பளபளத்தது. பள்ளத்திலிருந்து கீழே வழிந்த தடமும் பச்சையாக இருந்தது.

அதையே பின்பற்றினேன். அடியில் கரும்பழுப்பு. அதன் மேல் செம்புச் சாயத்தைக் கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளில் மட்டும். வெள்ளை எமல்ஷனில் பச்சையும் கொஞ்சம் நீலமும் கலந்து மோர் பதத்துக்கு நீர்க்க விட்டு, பீடிங்கின் பள்ளத்தில் ஓட விட்டு, ஈரத்துணியால் மேட்டைத் துடைத்தேன். பச்சை ஈரமாக இருக்கும்போதே அங்கங்கே டால்கம் பவுடரைத் தூவினேன். களிம்பின் அந்தப் பொடிப் பொடியான மேல்பரப்பு வந்துவிட்டது. நாலு மூலையிலும் பச்சையைக் கொஞ்சம் கூட்டினேன், ஈரம் தங்குவது மூலையில்தானே.

மூலைகளை 45 டிகிரியில் அறுத்து, பெவிக்கால் வைத்து, தலையில்லா ஆணி அடித்து ஒட்டினேன்.

வார்னிஷ், கீல், பயணம்

வார்னிஷை ஒரு துண்டுப் பலகையில் சோதித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. வீட்டில் இருந்த எண்ணெய் வார்னிஷ் வெள்ளைச் சலவைக்கல்லை நெய் தடவிய மாதிரி ஆக்கிவிட்டது. கல்லுக்குத் தண்ணீரில் கரையும் சாட்டின் வார்னிஷ் மூன்று மெல்லிய கோட், தேக்குக்கு மட்டும் எண்ணெய் வார்னிஷ், செம்புக்கு மங்கலான மேட். கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம் என்பது என் கருத்து. அது எல்லாப் பூச்சையும் பிளாஸ்டிக்காகக் காட்டிவிடும். கல் காய்ந்ததும் 1000-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரமாக ஒரு முறை தடவி, மெழுகு தேய்த்துத் துடைத்தேன். மகால் தூணில் பார்த்த அந்த அடங்கிய மினுமினுப்பு ஓரளவுக்கு வந்தது.

கீல்கள் இரண்டு இஞ்ச் பித்தளை, பக்கத்துக்கு இரண்டு, பின்பக்கத்தில். பலகை நாலு நூல் கனம் என்பதால் மூணு நூல் ஸ்க்ரூதான் போட வேண்டும். நாலு நூல் போட்டால் முனை சலவைக்கல்லைப் பொத்துக்கொண்டு முன்னால் வந்துவிடும். அடியில் ஆறு ரப்பர் குமிழ். பின்பக்கம் கருஞ்சாம்பல் அடித்து, வெள்ளை எழுத்தில் பெரிதாக எழுதினேன்: "நெருப்பு எரியும்போது இதை முன்னால் வைக்கக் கூடாது. தள்ளிச் சுவரோரம் சாய்த்து வைக்கவும்."

மூன்று வாரம் காய விட்டுத்தான் கொண்டுபோனேன். மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக அவ்வளவு நாள் ஆகும். அதற்கு முன் பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் கவர் ஒட்டிக்கொண்டு பூச்சோடு வரும். பலகைக்கு ஒன்றாக மூன்று பழைய நூல் சேலையைச் சுற்றி, கீலைக் கழற்றித் தனியாக வைத்து, வாடகை வண்டியில் வத்தலக்குண்டு வழியாக ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டேதான் போனேன்.

அக்கா வீட்டில் போர்வையை எடுத்துவிட்டுக் கணப்பைச் சுத்தம் செய்தோம். கரியையும் ஈரச் சாம்பலையும் அள்ளிய பிறகுதான் வாடை பாதி அடங்கியது. மீதிப் பாதி புகைபோக்கியிலிருந்து வருகிறது. அதை அலங்காரத் தட்டி நிறுத்தாது. உள்ளே மூடி ஒன்று துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்கிறது, அதைச் சரிசெய்ய ஒரு கொல்லரைப் பார்க்க வேண்டும் என்று அத்தான் சொன்னார்.

தட்டியை நிறுத்தி இறக்கைகளைப் பின்னால் மடக்கினோம். சாயங்காலம், சன்னல் வழியாக மூடுபனி வெளிச்சம். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. கிட்டே போய் நடுப்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். உடனே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"சில்லுன்னு இல்லையேடி!"

கையை எடுக்காமலே சிரித்தாள். நானும் போய்ப் பக்கத்தில் கை வைத்தேன். அந்தக் குளிரில் சுற்றியிருந்த கல் சுவரெல்லாம் தொட்டால் சில்லென்று இருந்தது, தட்டி மட்டும் மரத்தின் வெதுவெதுப்போடு இருந்தது.

வண்டியில் வரும்போது வலது இறக்கையின் கீழ் மூலையில் தேக்கு கொஞ்சம் உரசிவிட்டது. மீந்த அம்பர் கலவையை ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, மேலே "சட்டம்" என்று எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்த மூலையைச் சரிசெய்துவிட்டுப் பாட்டிலை அக்காவிடமே கொடுத்தேன். துடைத்த துணியை அவளே வாங்கிப் பின்பக்கக் கொடியில் விரித்துப் போட்டாள்.